இன்று வேண்டாம் என்று சொல்லும் உரிமை

சேலம் விமான நிலையம், 2014 ஜனவரி கடைசி. வழக்கமான விமான சேவை அப்போது அங்கே இல்லை. அங்கு நடந்த பாராசூட் பயிற்சி முகாமுக்குப் பெங்களூரிலிருந்து ஓர் இளம்பெண் கணவரோடு வந்தார். பயிற்சி எடுத்தார், விமானம் ஏறினார், குதித்தார். பாராசூட் சரியாக விரியவில்லை. அவர் உயிரோடு தரை சேரவில்லை. முகாமோடு தொடர்புடையவர்கள் கைதானார்கள். சில நாள் செய்தித்தாள்களில் ஓடியது, பிறகு நாம் மறந்துபோனோம்.

நான்கரை ஆண்டு கழித்து, 2018 ஜூலை 12 அன்று, கோவை நரசீபுரம் பக்கத்தில் ஒரு கல்லூரி. பேரிடர் நேரத்தில் தப்பிப்பது எப்படி என்ற பயிற்சி. இரண்டாம் மாடியின் விளிம்பில் 19 வயது மாணவி உட்கார்ந்திருக்கிறார். கீழே சக மாணவர்கள் வலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். குதிக்க அவருக்கு மனம் வரவில்லை. பயிற்சியாளர் தள்ளிவிடுகிறார். முதல் மாடியின் சன்ஷேடில் தலை மோதுகிறது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பயிற்சியாளருக்கும் தங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பிறகு சொன்னது. காணொளியை நம்மில் பலர் கைப்பேசியில் பார்த்தோம். அந்தப் பெண்ணின் தயக்கம் அதில் அப்பட்டமாகத் தெரிந்தது. அந்தத் தயக்கத்துக்கு அங்கே ஒரு மதிப்பும் இருக்கவில்லை.

ஒன்று வானத்தில் நடந்தது, மற்றொன்று மாடியில். இரண்டிலும் ஒரு புதியவர், விஷயம் தெரிந்தவர் என்று தான் நம்பிய இன்னொருவரிடம் உயிரை ஒப்படைத்தார். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது யார் பொறுப்பு என்ற கேள்வியைப் புதுச்சேரி இப்போதே எடுத்துப் பேசியாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

புதுச்சேரியின் கதிர்காமத்தில் இருந்துகொண்டு ஸ்கைடைவிங்கைப் பற்றி ஏன் பேச வேண்டும்? வழுதாவூர் சாலையில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள விடுதிகளிலும் வீடுகளிலும் இருபது வயதைத் தொட்ட பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பக்கத்து லாஸ்பேட்டையில் விமான நிலையம். 2024 டிசம்பரிலிருந்து பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் மறுபடி விமானம் பறக்கிறது. சனி, ஞாயிறானால் வெளியூர்ப் பிள்ளைகள் அலைச்சறுக்குக்கும் ஸ்கூபாவுக்கும் இங்கே வருகிறார்கள். நம் பிள்ளைகள் மைசூருக்கும் ஹரியானாவின் நார்னாலுக்கும் பாராசூட்டில் குதிக்கப் போகிறார்கள். ஒருவர் போய்வந்து படம் போட்டால் அடுத்த மாதம் நான்கு பேர் கிளம்புகிறார்கள். 25,000 ரூபாய்க்கு மேல் கட்டிப் போகிறார்கள். தடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1979-இல் முதன்முதலாகக் குதித்த ரேச்சல் தாமஸ் பின்னாளில் வட துருவத்தின் மேலேயும் குதித்து, 2005-இல் பத்மஸ்ரீ பெற்றார். 2004-இல் வட துருவத்தில் குதித்த ஷீத்தல் மகாஜனுக்கும் அந்த விருது கிடைத்தது. இவர்களைப் பார்த்து ஒரு கதிர்காமத்துப் பெண் வானத்தை ஆசைப்பட்டால் அதைக் கொண்டாட வேண்டும். அவள் ஆழம் தெரிந்து காலை வைக்கிறாளா என்பதுதான் நம் கவலையாக இருக்க வேண்டும்.

ஆழம் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் கணக்காகவே பார்க்கலாம். பத்தாயிரம் அடியில் விமானத்தை விட்டு வெளியே வந்தவர் முதல் ஆயிரம் அடியைக் கடக்க ஏறக்குறைய பத்து விநாடி ஆகும். அதற்குள் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரை நெருங்கிவிடும். அதன் பிறகு ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஐந்தரை விநாடிதான். மூவாயிரம் அடியில் பிரதான பாராசூட் விரியாவிட்டால், எதுவும் செய்யாமல் இருப்பவருக்குத் தரை வர மிச்சம் சுமார் 17 விநாடி. அந்த 17 விநாடிக்குள் தவறைக் கண்டுபிடித்து, வலப்பக்கத்துச் சிவப்புக் கைப்பிடியை இழுத்துப் பழுதான பாராசூட்டைக் கழற்றிவிட்டு, இடப்பக்கத்து உலோகக் கைப்பிடியை இழுத்து மாற்றுப் பாராசூட்டைத் திறக்க வேண்டும். யோசிக்க நேரம் கிடையாது. தரையிலேயே நூறு முறை செய்து கைக்குப் பழக்கமாகியிருக்க வேண்டும். பயிற்சி என்று சொல்லிக் காலையில் அரை மணி நேரம் பேசிவிட்டு மாலையில் தனியாகக் குதிக்கவிடும் ஒருவர் எவ்வளவு பெரிய தவறு செய்கிறார் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

புதியவருக்கு இருக்கும் வழிகளும் ஒன்றுபோல இல்லை. டேண்டம் என்றால் பயிற்றுநரோடு பிணைத்துக்கொண்டு குதிப்பது. கருவி முழுக்க அவர் கையில். ஸ்டாட்டிக் லைன் என்றால் விமானத்தில் கட்டியிருக்கும் பட்டை, நாம் வெளியே வந்ததும் பாராசூட்டை இழுத்துத் திறக்கும். மூவாயிரம், நான்காயிரம் அடியில் தனியாகவே இறங்குவோம். மூன்றாவது, பயிற்றுநர்கள் பக்கத்தில் பறந்துவரத் தானே கைப்பிடியை இழுக்கும் முறை. விளம்பரத்தில் எல்லாமே ஸ்கைடைவிங்தான். பணம் கட்டுமுன் இவற்றில் எது என்று கேட்காமல் போகிறவர்கள் உண்டு. அமெரிக்க பாராசூட் சங்கத்தின் விதிப்படி, டேண்டம் பயிற்றுநராக வேண்டுமானால் குறைந்தது 500 முறை குதித்திருக்க வேண்டும், இந்த விளையாட்டில் மூன்று ஆண்டு இருந்திருக்க வேண்டும். நம் ஊரில் டிக்கெட் விற்கும் ஏஜெண்டிடம் உங்கள் பயிற்றுநருக்கு எத்தனை குதிப்பு என்று கேட்டால் பதில் வர வேண்டும். வராவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

நான் பார்த்தவரையில் இந்த விளையாட்டின் மிக நல்ல வழக்கம் வானத்தில் நடப்பதல்ல. குதிக்கும் முன் ஒருவர் இன்னொருவரைச் சோதிப்பதுதான். பல களங்களில் மூன்று முறை செய்கிறார்கள்: பையை மாட்டுமுன் ஒரு முறை, விமானம் ஏறுமுன் ஒரு முறை, கதவு திறக்குமுன் ஒரு முறை. மார்புப் பட்டை கோத்த விதம் சரியா, இரண்டு தொடைப் பட்டைகளும் இறுகியிருக்கின்றனவா, தோள்களில் உள்ள மூன்று வளையங்கள் ஒன்றினுள் ஒன்றாக ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றனவா, முதுகுப் பையில் மாற்றுப் பாராசூட்டின் பின் நேராக இருக்கிறதா, மணிக்கட்டில் ஆல்டிமீட்டர் தரையில் பூஜ்யம் காட்டியதா. முதுகில் இருக்கும் பின்னைத் தன் கண்ணால் யாரும் பார்க்க முடியாது. பக்கத்தில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆயிரம் முறை குதித்தவரும் இருபது முறை குதித்த பிள்ளையிடம் முதுகைக் காட்டி, பார்த்துச் சொல்லு தம்பி, என்கிறார். அந்தப் பிள்ளை ஏதோ சரியில்லை அண்ணா என்றால் அவர் கோபித்துக்கொள்வதில்லை. அவமானமாகவும் நினைப்பதில்லை. கழற்றிச் சரிசெய்துகொள்கிறார். சிறியவர் பெரியவரைத் திருத்தக் கூடாது என்று வளர்ந்த நமக்கு இது புதிது. நம் கல்லூரிகள், தொழிற்சாலைகள், மீன்பிடிப் படகுகள் எல்லாவற்றுக்கும் தேவையான வழக்கம் இது.

மாற்றுப் பாராசூட்டை மடிப்பவர் ரிக்கர். பயிற்சி பெற்று உரிமம் எடுத்தவர்தான் அதில் கை வைக்கலாம். அமெரிக்காவில் குதித்தாலும் குதிக்காவிட்டாலும் 180 நாளுக்கு ஒரு முறை அதைப் பிரித்துப் பார்த்து மறுபடி மடித்து, முத்திரையிட்டு, அட்டையில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அட்டை பையிலேயே இருக்கும். புதியவர் அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். 1991-இல் ஜெர்மனியிலிருந்து வந்த சைப்ரஸ் என்ற சிறு கருவி, சுமார் 750 அடி உயரத்திலும் ஒருவர் வேகம் குறையாமல் விழுந்துகொண்டிருந்தால் தானாகவே மாற்றுப் பாராசூட்டைத் திறந்துவிடும். இதுபோன்ற கருவி பையில் இருக்கிறதா, இயக்கிவைக்கப்பட்டிருக்கிறதா என்றும் கேட்கலாம். கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் 1970-களில் ஆண்டுக்குச் சராசரியாக நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இந்த விளையாட்டில் இறந்தார்கள். 2023-இல் அந்த எண்ணிக்கை பத்து. அந்த ஆண்டு நடந்த குதிப்புகளோ 36 லட்சத்துக்கும் மேல். கருவி மேம்பட்டது ஒரு காரணம். அதைவிட முக்கியமானதாக நான் கருதுவது, விபத்தை மறைக்காத பழக்கம். யார், எந்த உயரத்தில், என்ன செய்தார், எங்கே பிசகியது என்று அமெரிக்க பாராசூட் சங்கம் தன் இதழில் வெளியிட்டுவருகிறது, எல்லோரும் படிக்கிறார்கள். 1997 முதல் ஆண்டுதோறும் பருவம் தொடங்கும் மார்ச்சில் பாதுகாப்பு நாள் என்று ஒன்று நடத்துகிறார்கள். குளிர்காலத்தில் குதிக்காமல் இருந்த மூத்தவர்களும் வந்து உட்கார்ந்து, அவசரகால நடைமுறையைத் தரையில் மறுபடி பழகுகிறார்கள். நம்மிடம் சேலத்து விபத்து எப்படி நடந்தது என்ற பாடம் அடுத்து வந்த பயிற்சியாளர்களுக்குப் பொதுவாக எழுதிவைக்கப்பட்டதா? வழக்குக்கும் கைதுக்கும் பிறகு, தெரிந்துகொள்ள வேண்டியவர்களுக்குத் தெரிய வேண்டியது போய்ச் சேர ஏற்பாடு வேண்டும். அது தண்டனையைவிடப் பெரிய கடமை.

மூத்தவர்கள் புதியவர்களுக்குச் சொல்வது எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அவசரப்பட்டுச் சிறிய பாராசூட்டுக்கு மாறாதே. சிறியது வேகமாக இறங்கும், தவறை மன்னிக்காது. தலைக்கவசத்தில் கேமராவை மாட்டுவது 200 குதிப்புக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கவனம் உயரத்தில் இருக்கட்டும். தரைக்குப் பக்கத்தில் கூர்மையாகத் திரும்பாதே. இந்தக் கடைசி அறிவுரைக்குப் பின்னால் பெரிய சோகம் இருக்கிறது. மூன்று வளையக் கழற்று முறையை வடிவமைத்த பில் பூத் நெடுங்காலமாக எச்சரித்துவந்தது இதைத்தான்: கருவி பாதுகாப்பாக ஆக ஆக, மனிதர்கள் அந்த அளவுக்குக் கூடுதல் ஆபத்தைத் தேடிப்போவார்கள். நன்றாக விரிந்த பாராசூட்டின் கீழே, எந்தப் பழுதும் இல்லாமல், தரைக்கு மிக அருகில் சாகசமாகத் திரும்பப் போய் இறந்தவர்கள் பலர். அவர்களில் அனுபவசாலிகளும் உண்டு. 2025 ஏப்ரலில் ஆக்ராவில் நம் விமானப்படையின் ஆகாஷ் கங்கா குழுவைச் சேர்ந்த பயிற்றுநர் ஒருவரே குதிப்பில் உயிரிழந்தார். 1987-இல் தொடங்கிய, நாட்டின் தேர்ந்த குழு அது. அனுபவம் ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. மூத்தவர்கள் இதைப் புதியவர் முன்னால் வாய்விட்டுச் சொல்வதை நான் பெரிதும் மதிக்கிறேன்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனியாகக் குதிக்கும் மாணவர்களுக்குத் தரைக்காற்று மணிக்கு 14 மைலைத் தாண்டினால் அமெரிக்காவில் அனுமதி இல்லை. நம் கணக்கில் 22 கிலோமீட்டர் சொச்சம். புதுச்சேரிக் கரையில் நண்பகலுக்கு மேல் கடற்காற்று எழும்புவதை இங்கே வளர்ந்த எவரும் அறிவார்கள். கடலோர ஊரில் என்றைக்காவது இப்படி ஒரு முகாம் வந்தால், காலை வேளையோடு முடித்துக்கொள்கிறார்களா, தண்ணீரில் விழுந்தால் மிதக்க உடுப்பு தருகிறார்களா என்பவை முதல் கேள்விகளாக இருக்க வேண்டும். திறந்த நீர்ப்பரப்பு ஒரு மைலுக்குள் இருந்தால் தனியாகக் குதிக்கும் மாணவர்களுக்கு மிதவை உடுப்பு கட்டாயம் என்பது அமெரிக்கச் சங்கத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று.

இனி அரசுக்கு வருகிறேன். 2022 ஜூனில் மத்திய அரசு தேசிய வான் விளையாட்டுக் கொள்கையை வெளியிட்டது. பாராகிளைடிங், பலூன், ஸ்கைடைவிங் எல்லாம் அதில் அடக்கம். மேலே இந்திய வான் விளையாட்டுக் கூட்டமைப்பு, அதன் கீழ் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தேசியச் சங்கம், பிறகு மாநில, யூனியன் பிரதேச அளவு, கடைசியில் மாவட்டம் என்று நான்கு அடுக்கு. நடத்துபவரும் கருவியும் பதிவு பெற வேண்டும் என்பது நோக்கம். அதற்கு முன்பே, 2018-இல், சுற்றுலா அமைச்சகம் சாகசச் சுற்றுலாவுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருந்தது. காகிதத்தில் குறையில்லை. புதுச்சேரி சுற்றுலாத் துறை செய்ய வேண்டியது எளிமையானது: நம் ஊரிலிருந்து ஆள் சேர்க்கும் ஒவ்வொரு சாகச முகாமும் எந்தச் சங்கத்தில் பதிவானது, பயிற்றுநர் யார், காப்பீடு உண்டா என்ற விவரம் துறையின் பலகையிலும் தளத்திலும் தமிழில் இருக்க வேண்டும். கோவையில் ஒருவர் பேரிடர் ஆணையத்தின் பெயரைச் சொல்லிக் கல்லூரிக்குள் நுழைந்தார். சரிபார்க்க ஓர் இடமும், சரிபார்க்கும் பழக்கமும் இருந்திருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்திருக்கும். நம் கல்லூரி முதல்வர்களும் பள்ளித் தலைமையாசிரியர்களும் வெளியாள் நடத்தும் எந்தப் பயிற்சிக்கும் அந்த ஓர் அழைப்பைச் செய்யாமல் கதவைத் திறக்கக் கூடாது.

ஆனால் எல்லாவற்றையும் அரசு உத்தரவாகக் கொண்டுவந்தால் நடக்காது என்பதை இந்த ஊர் அனுபவத்தில் அறியும். 2019 பிப்ரவரியில் ஹெல்மெட் கட்டாயம் என்று கெடுபிடி தொடங்கியபோது, அது ஆளுநர் மாளிகைக்கும் அமைச்சரவைக்கும் இடையிலான சண்டையாக மாறியது. ஹெல்மெட்டைத் தெருவில் போட்டு உடைத்தார்கள். தலையைக் காக்கும் பொருள் கட்சி அடையாளமாகிவிட்டது. இரு தரப்பிலும் நியாயம் பேசினார்கள். வண்டியில் போனவனின் தலை யார் பேச்சிலும் இல்லாமல் போனது. அந்தத் தவறு மறுபடி வேண்டாம். விதி வருமுன் பேச்சு வர வேண்டும், பேச்சில் எல்லாக் கட்சிக்காரரும் இருக்க வேண்டும்.

அதனால் நான் முன்வைக்கும் யோசனை இது. அமெரிக்கச் சங்கம் நடத்தும் பாதுகாப்பு நாளைப் போல நமக்கும் ஒன்று இருக்கட்டும். மழைக்காலம் முடிந்து சுற்றுலாப் பயணிகள் பெருகும் ஜனவரித் தொடக்கத்தில், ஆண்டுக்கு ஒரு நாள். பாராசூட்டில் குதித்துவந்த நம் பிள்ளைகள், தந்திராயன்குப்பத்தில் அலைச்சறுக்குச் சொல்லித்தருபவர்கள், ஸ்கூபா நடத்துபவர்கள், சுண்ணாம்பாற்றுப் படகோட்டிகள், கரையோர மீனவப் பஞ்சாயத்தார், தீயணைப்புத் துறையினர், காவல்துறையினர், கதிர்காமம் மருத்துவமனையின் அவசரப் பிரிவு மருத்துவர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார வேண்டும். சென்ற ஆண்டு என்னென்ன தவறியது, எதில் மயிரிழையில் தப்பினோம் என்று ஒவ்வொருவரும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டாமல் சொல்ல வேண்டும். மருத்துவர்கள் சொல்வதற்கு நிறைய இருக்கும். முதுகெலும்பு அடிபட்டவரை இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக் காரில் திணித்துக் கொண்டுவருவதால் என்ன ஆகிறது என்பதை அவர்கள் வாயால் கேட்டால் ஊரே கற்றுக்கொள்ளும். உழவர்கரை நகராட்சி கூடத்தைத் தரட்டும். செலவு பெரிதாக ஆகாது.

குடும்பங்களிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை குதிக்கப் போகிறேன் என்றால் நம் வீடுகளில் இரண்டு விதமாகத்தான் பதில் வருகிறது. ஒன்று, போனால் காலை உடைப்பேன். அல்லது, பெருமையாக உறவுக்கெல்லாம் சொல்வது. முதல் வகையில் பிள்ளை பொய் சொல்லிவிட்டுப் போகிறான். யாருக்கும் எங்கே போனான் என்றே தெரியாது. இரண்டாவதில், பயந்து திரும்பி வந்தால் மானம் போய்விடும் என்று நினைத்து, உடம்பு சரியில்லாமலும் குதிக்கிறான். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. எந்த முகாம், யார் சொல்லித்தருகிறார், எத்தனை மணி நேரப் பயிற்சி என்று கேளுங்கள். காப்பீட்டில் இது அடங்குமா என்று அந்த நிறுவனத்திடமே கேளுங்கள். கடைசியாக, பிடிக்கவில்லை என்றால் அப்படியே இறங்கி வந்துவிடு, யாரும் ஒன்றும் சொல்லமாட்டோம் என்று சொல்லியனுப்புங்கள். உடன் போகும் நண்பர்களும் அந்த நேரத்தில் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, தயங்குகிறவன் முகத்தைப் பார்க்கட்டும்.

ஏனென்றால் தயங்கும் புதியவரின் காலைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் கட்டிய பணம்தான். விமானம் ஏறிவிட்டால் பணம் திரும்ப வராது என்று பல இடங்களில் விதி. என் உயிருக்கு நானே பொறுப்பு என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிவிடுகிறார்கள். ஆபத்து இருக்கிறது என்று அறிந்தேன் என ஒருவர் ஒப்புக்கொள்வது வேறு. நடத்துபவர் கவனக்குறைவாக இருந்தாலும் கேட்கமாட்டேன் என்பது வேறு. இரண்டாவது வகைத் தாளைப் பார்த்தால் மிரண்டுவிட வேண்டாம். நியாயமற்ற ஒப்பந்தங்களை எதிர்த்து மாநில நுகர்வோர் ஆணையத்தில் முறையிட 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி தருகிறது. புதுச்சேரியிலும் அந்த ஆணையம் இருக்கிறது.

நடத்துபவர்கள் நஷ்டப்பட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எரிபொருளுக்கு ஆகும் செலவைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரலாம். காற்று காரணமாக நிறுத்தினால் வேறு நாள் தரலாம். கதவருகே வந்து திரும்புகிறவருக்குப் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற ஒரு வரி ரசீதிலேயே அச்சாகியிருந்தால், பயிற்றுநருக்கும் இன்று வேண்டாம் என்று சொல்ல நா எழும், பிள்ளைக்கும் எழும். இங்கிருந்து ஆள் சேர்க்கும் பயண ஏஜெண்டுகள் வரும் சீசனுக்கு முன் தங்கள் ரசீதுகளில் அந்த வரியைச் சேர்க்க முன்வர வேண்டும். சேர்த்தவர்களின் பெயர்ப் பட்டியலைச் சுற்றுலாத் துறை வெளியிடட்டும். பிள்ளைகள் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டட்டும்.